திரையில் ஓடும் ரக்பி



பழைய பொருள்களை எடை போடுவதில் இரு வகை மனிதரைக் காண்கிறோம். தாம் இளமையில் கண்டதைப் போன்ற நல்ல பொருள் இன்று ஒன்றும் இல்லை என்பார் ஒரு சாரார். நேற்று வந்தது எதுவாயினும் இன்றைக்கு உதவாது என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் பொருளைப் பார்ப்பதில்லை; அதன் வயதையே பார்க்கின்றனர். குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றுள் மிகுதியானது எது என்று கண்டு, அதன் பிறகே ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. வினைக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்க அவர் சொன்ன அந்த நெறி, விளையாட்டுப் பொருள் ஒன்றை மதிப்பிடவும் உதவும். அப்படி மதிப்பிடத்தக்க ஒரு பொருளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது 1997-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஒரு வீடியோ விளையாட்டு. ‘ஜோனா லோமு ரக்பி’ என்பது அதன் பெயர்.

விளையாட்டுப் பொம்மையைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் எண்ணலாம். தேசப்படம் வரைபவன் ஊரில் உள்ள மரங்களை எல்லாம் வரைவதில்லை. ஆற்றை வரைகிறான், சாலையை வரைகிறான், மற்றவற்றை விட்டுவிடுகிறான். எதை வைத்தான், எதை விட்டான் என்று பார்த்தால், அந்தப் படம் யாருக்காக வரையப்பட்டது என்பது விளங்கிவிடும். வீடியோ விளையாட்டும் அத்தகைய ஒரு படமே. எண்பது நிமிடம் முப்பது பேர் மோதி ஆடும் ஓர் ஆட்டத்தைக் கைக்குள் அடங்கும் சில பொத்தான்களுக்குள் சுருக்கும்போது, சிலவற்றை வைக்கவும் பலவற்றை விடவும் வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்விலேயே அதன் குணமும் இருக்கிறது, குறையும் இருக்கிறது.

முதலில் ரக்பி ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் குறிப்பிடுவது அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன். பந்து முட்டை வடிவமானது. எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்து அந்தப் பந்தைத் தரையில் அழுத்தினால் அதற்கு ‘ட்ரை’ என்று பெயர். அதற்கு ஐந்து புள்ளிகள். அதன்பின் பந்தை உதைத்துக் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே அனுப்பினால் மேலும் இரண்டு புள்ளிகள். தண்டனை உதைக்கு மூன்று. ஓட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தினால் அதற்கும் மூன்று. இவற்றைக் காட்டிலும் நினைவில் கொள்ளவேண்டிய விதி ஒன்று உண்டு. பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் எறியலாம். முன்னேற விரும்புகிறவன் தனக்குப் பின்னே வருகிறவனை நம்பிப் பந்தைக் கொடுக்க வேண்டும். ரக்பியின் அழகு முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்து பிறக்கிறது என்றே சொல்லலாம்.

இனி நம் வீடியோ விளையாட்டுக்கு வருவோம். இதைச் செய்தவர் ரேஜ் சாஃப்ட்வேர் நிறுவனத்தார். வெளியிட்டவர் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனத்தார். சோனி பிளேஸ்டேஷன், சேகா சாட்டர்ன் என்னும் இரண்டு விளையாட்டுப் பெட்டிகளுக்கும், அக்காலக் கணினிகளுக்கும் இது வெளிவந்தது. அந்தப் பிளேஸ்டேஷன் பெட்டியின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். படத்துக்கென ஒதுக்கியது 1 மெகாபைட். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் பெரும்பாலும் அதைவிட மிகுதியான இடத்தைக் கேட்கும். அந்தச் சிறிய இடத்துக்குள் இரண்டு அணி வீரர்களையும், களத்தையும், பார்வையாளர் கூட்டத்தையும் அடக்கி, அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் ஓடவும் விழவும் எழவும் செய்ய வேண்டியிருந்தது. ஏழைக் குடும்பத்தின் தாய், இருக்கும் படியரிசியைப் பத்துப் பேருக்குப் பகிர்வதுபோல, அந்தப் பொறியியலார் தம் நினைவகத்தைப் பகிர்ந்தார்கள். அந்தப் பகிர்வை மனத்தில் கொண்டுதான் நாம் அவர்களுடைய வேலையைப் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்தின் முதற்குணம், ரக்பியின் உயிரான விதியை விரலுக்குக் கற்றுக்கொடுத்தது. இடப்பக்கம் எறிய ஒரு பொத்தான். வலப்பக்கம் எறிய ஒரு பொத்தான். கையால் முன்னே எறிவதற்கு வழியே இல்லை. பொத்தானை எப்போது அழுத்துவது என்பதிலேதான் கலை இருக்கிறது. எதிரி நெருங்கும் முன்பே பந்தைக் கொடுத்துவிட்டால், அவன் எளிதாகத் திரும்பி அடுத்தவனைப் பிடித்துவிடுவான். மிகவும் தாமதித்தால், பந்தோடு நாமே கீழே கிடப்போம். எதிரி நம்மைத் தழுவ வரும் அந்த நொடியில், அவன் இனித் திரும்ப முடியாது என்ற நிலையில் பந்தை விடுத்தால், பின்னே வந்த தோழனுக்கு முன்னால் பசும்புல் பரந்து கிடக்கும். எதிரியைத் தன்பால் இழுத்துக்கொண்டு தோழனுக்கு வழி திறந்துவிடுவதே ரக்பி பயிற்சியாளர் களத்தில் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று. அந்தப் பாடத்தை இந்த ஆட்டம் ஒரு சொல்லும் சொல்லாமல் கற்பித்துவிடுகிறது.

என் அண்ணன் மகன் கல்லூரி மாணவன். புதிய விளையாட்டுகளிலே பழகியவன். அவனும் நானும் சில மாலைகளில் அருகருகே அமர்ந்து இதை ஆடினோம். தொடக்கத்தில் அவன், “சித்தப்பா, இவர்களுக்கு முகமே இல்லையே! மரக்கட்டையைச் செதுக்கி நிறுத்தியதுபோல் இருக்கிறார்களே!” என்று சிரித்தான். அரைமணி நேரம் சென்றபின் முகத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. “இன்னும் ஒரு முறை, இந்த முறை கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கிறேன்” என்பதே அவன் பேச்சாக இருந்தது. நல்ல ஆட்டத்துக்கு அதைவிடச் சிறந்த நற்சான்று வேறு வேண்டுவதில்லை.

இரண்டாவது குணம், வானொலிக்காரர்களுக்கு உவப்பானது. இந்த ஆட்டத்துக்கு நேர்முக வர்ணனை உண்டு. பில் மக்லாரன், பில் போமன்ட் என்னும் இருவரின் குரல்கள் அதில் ஒலிக்கின்றன. போமன்ட் இங்கிலாந்து அணியின் தலைவராய் இருந்து, 1980-ஆம் ஆண்டில் ஐந்து நாடுகளின் போட்டியில் ஒன்றிலும் தோற்காமல் வென்றவர். மக்லாரன் ஸ்காட்லாந்தின் ஹாயிக் என்னும் ஊரினர். இளமையில் காசநோய் தாக்கியதால் ஆட்டக்களத்தை விட்டவர், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றியவர், 1950-களில் பி.பி.சி. வானொலியில் வர்ணனை தொடங்கி, பின்னர்த் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்று, 2002-ஆம் ஆண்டு வரையில் அத்தொழிலைச் செய்தவர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு பெரிய தாளில் இரு அணியினரைப் பற்றிய குறிப்புகளையும் பல நிறங்களில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். அந்தக் குறிப்புகளுள் பெரும்பகுதி ஆட்டத்தின்போது பயன்படாமலே போகும். பயன்படாது என்று தெரிந்தும் அடுத்த வாரம் மீண்டும் எழுதுவார். உழைப்பின் பெருமையை அறிய விரும்பும் மாணவர் அவர் வரலாற்றைப் படிக்கலாம்.

இத்தகையவரின் குரலைக் குறுந்தட்டில் பதித்தது நல்ல சிந்தனை. முன்பிருந்த விளையாட்டுகள் சிறு சில்லுகளில் எழுதப்பட்டன. அவற்றில் மனிதக் குரலுக்கு மிகக் குறைந்த இடமே இருந்தது. குறுந்தட்டு ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும். படத்துக்கு இல்லாத வசதி ஒலிக்குக் கிடைத்தது. ஆகவே, முகமில்லாத மரப்பாவைகளுக்கு அந்தக் கிழவரின் கனிந்த குரல் உயிர் கொடுத்தது. கண் காணாததைக் காது நிரப்பிவிடும் என்பதை வானொலி கேட்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது குணம், பழைய ஆட்டங்களை மீண்டும் ஆடிப் பார்க்கும் பகுதி. வரலாற்றில் நடந்த ஒரு போட்டியின் நிலைமையை நம் முன் வைத்து, ‘இங்கிருந்து நீ என்ன செய்வாய்?’ என்று கேட்கிறது. வரலாற்றுப் பாடத்தில் நாம் முடிவை மட்டுமே படிக்கிறோம். முடிவு தெரியாமல் நின்றவர்களின் மனநிலையை உணர்வதில்லை. சில நிமிடங்களே எஞ்சியிருக்க, புள்ளியில் பின்தங்கி நிற்கும் அணியை நாமே நடத்தும்போது, அந்த மனநிலை சற்றே விளங்குகிறது.

இனிக் குறைகளைப் பார்ப்போம். ரக்பி அணியில் எண்மர் முன்னணி வீரர். எழுவர் பின்னணி வீரர். பின்னணியார் ஓடுகிறார்கள், உலகம் அவர்களைப் பார்க்கிறது. அவர்கள் ஓடுவதற்கு வேண்டிய பந்தைச் சேற்றில் புரண்டு பெற்றுத்தருபவர்கள் முன்னணியார். ‘ஸ்க்ரம்’ என்னும் நிலையில் எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து எதிரணியின் எட்டுப் பேரைத் தள்ளுகிறார்கள். அதில் முதுகின் கோணம், கால் ஊன்றும் இடம், தலை புகும் பக்கம், மூச்சை அடக்கும் நேரம் என்று ஆயிரம் நுட்பம் உண்டு. ஆண்டுக்கணக்கில் பயின்றாலன்றி அது கைவராது. நம் வீடியோ விளையாட்டிலோ அத்தனை நுட்பமும் பொத்தானைத் தட்டும் வேகமாகக் குறுகிவிட்டது. விரைவாகத் தட்டும் விரல் உள்ளவன் வெல்கிறான். ஸ்க்ரம் மட்டுமன்று, தரையில் கிடக்கும் பந்துக்காக நடக்கும் போராட்டமும் ஏறக்குறைய அவ்வாறே முடிகிறது. ஓட்டத்தைக் காட்டிய கண்ணாடி, உழைப்பைக் காட்டவில்லை.

மற்றொரு குறை, நான் முன்பு புகழ்ந்த குரலிலேயே இருக்கிறது. பதிவு செய்த வாக்கியங்களுக்கு ஓர் எல்லை உண்டு. முதல் நாள் கேட்ட வேடிக்கையான மொழி பத்தாம் நாள் பழகிப்போகிறது. முப்பதாம் நாள் சலிப்பூட்டுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிய தாள் எழுதிய மனிதரை, எழுதிய தாளையே திரும்பத் திரும்பப் படிக்க வைத்துவிட்டது இயந்திரம். வர்ணனையாளரின் குரல் அதில் இருக்கிறது. அவருடைய உழைப்பு அதில் இல்லை.

படத்தின் எளிமையைக் குறை என்று நான் நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. களத்தின் புல் பச்சைத் துணி விரித்தாற்போலத் தோன்றுகிறது. கூட்டம் வண்ணப் புள்ளிகளாகத் தெரிகிறது. அவை அக்காலக் கருவியின் எல்லைகள். செய்தவனின் கருத்தில் உள்ள குறையைத்தான் நாம் அவன் கணக்கில் எழுத வேண்டும்.

கருத்தில் உள்ள குறைகளுள் பெரியது ஒன்று உண்டு. அதைச் சொல்ல, அந்தப் பெட்டியின் மேல் யாருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதோ, அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜோனா லோமு 1975-ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், டோங்கா தீவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். 1994-ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில் நியூசிலாந்து அணிக்கு ஆடினார். உயரம் 196 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 120 கிலோகிராம். அந்த உடலோடு அவர் களத்தின் ஓரத்தில், மெலிந்த விரைவோட்டக்காரர் ஆடும் இடத்தில் ஆடினார். 1995-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், இங்கிலாந்துக்கு எதிராக அவர் ஒருவரே நான்கு ட்ரை எடுத்தார். இடையில் நின்ற மைக் கேட் என்னும் வீரரை விலகி ஓடாமல், மிதித்துக்கொண்டே சென்றது அன்று உலகம் பார்த்த காட்சி. நியூசிலாந்து 45–29 என்று வென்றது. அந்த ஒரு நாளின் புகழே இரண்டு ஆண்டுக்குப்பின் விளையாட்டுப் பெட்டியின் மேல் ஏறியது.

ஆனால் அந்த அரையிறுதிக்கு ஆறு நாள் கழித்து, ஜோகன்னஸ்பர்க் நகரில் இறுதியாட்டம் நடந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. அங்கே லோமு ஒரு ட்ரையும் எடுக்கவில்லை. ஒருவன் காலைப் பற்றினால் இரண்டாமவன் இடுப்பைத் தழுவினான்; மூன்றாமவன் வழியை மறித்து நின்றான். கூடுதல் நேரத்தில் 15–12 என்று தென்னாப்பிரிக்கா வென்றது. 63 பன்னாட்டு ஆட்டங்களில் 37 ட்ரை எடுத்த லோமு, தம் வாழ்நாளில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான பன்னாட்டு ஆட்டம் ஒன்றில்கூட ஒரு ட்ரை எடுத்ததில்லை. பதினைந்து சாதாரண மனிதர் ஒருமனப்பட்டால் ஒரு பூதத்தையும் நிறுத்தலாம் என்பதற்கு இதைவிடச் சான்று இல்லை. பதினைவர் ஆடும் ஆட்டத்தை ஒருவர் பெயரால் விற்கும்போது, இந்த உண்மை பின்னே தள்ளப்பட்டுவிடுகிறது. திரையில் பந்து கைக்கு வந்ததும், அதை அந்த ஒருவரிடம் சேர்த்துவிட்டு மற்றப் பதினால்வரையும் மறந்துவிடும் ஆசை ஆடுகிறவனுக்கு எழுகிறது. பின்னே வருகிறவனை நம்பு என்று கற்பித்த அதே ஆட்டம், முன்னே நிற்கும் ஒருவனை வழிபடவும் தூண்டுகிறது.

இன்னும் ஒன்று உண்டு. லோமுவுக்குக் கொடிய சிறுநீரக நோய் இருந்தது. 1990-களின் நடுவிலேயே அது கண்டறியப்பட்டது. அந்த விளையாட்டு வெளியான 1997-ஆம் ஆண்டிலே, நோயின் காரணமாக அவர் பல மாதங்கள் களத்தை விட்டு விலகியிருந்தார். வீட்டுத் திரைகளில் அவர் உருவம் சற்றும் இளைப்பின்றி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், உண்மை மனிதர் மருத்துவர் முன் அமர்ந்திருந்தார். பின்னர் நோய் முற்றி, 2003-ஆம் ஆண்டில் இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைத் தூய்மை செய்துகொள்ளும் நிலைக்கு வந்தார். 2004-ஆம் ஆண்டில் வெலிங்டன் நகரத்து வானொலி அறிவிப்பாளர் ஒருவர் தம் சிறுநீரகங்களுள் ஒன்றை அவருக்கு மனமுவந்து அளித்தார். சில ஆண்டுகளில் அதுவும் செயலிழந்தது. 2015-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், நாற்பதாம் வயதில் லோமு காலமானார்.

இந்த வரலாற்றை அறிந்தபின் நான் திரையைப் பார்த்தால், அங்கே ஓடும் உருவம் முன்போல் தெரிவதில்லை. எதிரிகளை உதறிக்கொண்டு செல்லும் அந்த ஓட்டம், நலிந்துகொண்டிருந்த ஓர் உடலிலிருந்து பிறந்த ஓட்டம் என்ற நினைவு வருகிறது. உண்மை வீரனின் பெருமை, தளர்ச்சி அறியாமையால் வந்ததன்று. தளர்ச்சியை நன்கு அறிந்தும் மீண்டும் களத்துக்கு வந்ததால் வந்தது. அந்தப் பெருமையை இரண்டு மெகாபைட்டில் மட்டுமன்று, இரண்டாயிரம் மெகாபைட்டிலும் அடக்க முடியாது.

அப்படியானால், குணம் மிகுதியா, குறை மிகுதியா? என் முடிவைச் சொல்கிறேன். ஓட்டத்தையும் பந்துப் பரிமாற்றத்தையும் கூர்மையாகக் காட்டுவதற்காக, முன்னணியாரின் உழைப்பை இவர்கள் சுருக்கினார்கள். எல்லாவற்றையும் காட்ட முயன்றிருந்தால் எதுவும் தெளிவாகத் தெரிந்திராது. ஆகவே அந்தச் சுருக்கத்தை நான் குறையென்று அறிந்தே மன்னிக்கிறேன். ரக்பி என்பது என்ன என்று அறியாத ஒருவனை, ஒரு மணி நேரத்தில் அதன் உயிர்நிலைக்கு அழைத்துச் செல்லும் ஆற்றல் இந்தப் பழைய பொருளுக்கு இருக்கிறது. அதனால் குணமே மிகுதி என்கிறேன். 2011-ஆம் ஆண்டில் நியூசிலாந்து நிறுவனம் ஒன்று செய்த புதிய ரக்பி ஆட்டத்துக்கும் சில நாடுகளில் லோமுவின் பெயரே சூட்டப்பட்டது. முதல் ஆட்டம் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை அதனால் அறியலாம்.

ஆனால் ஒரு பெயரை வழிபடும் அந்த மனப்பான்மையை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை. அதற்கு மருந்து ஆடுகிறவனின் கையிலேயே இருக்கிறது. அடுத்த முறை எந்த அணியின் ஆட்டத்தையேனும், திரையிலோ திடலிலோ நீங்கள் பார்த்தால், கோட்டைக் கடந்து பந்தை அழுத்துகிறவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, உங்கள் கண்ணைப் பின்னோக்கித் திருப்புங்கள். அவனுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு எதிரியின் பிடியில் கீழே கிடக்கிறானே ஒருவன், அவனைப் பாருங்கள். அவனுக்கும் பின்னால், சேற்றிலிருந்து மெல்ல எழுகின்ற எண்மரைப் பாருங்கள். ஆட்டத்தைச் செய்தவர்கள் விட்டுவிட்டதைப் பார்க்கிறவர்கள் நிரப்பிக்கொள்ளலாம். பழைய பொருளை மதிக்கத் தக்க முறையும் அதுவே.